லித்தியம் மாத்திரை எடுப்பவரா? ரத்தப் பரிசோதனை அன்று இதை மறக்காதீங்க!

'காலை மாத்திரை போட்டாச்சா?' லித்தியம் எடுத்துக்கொள்பவர் இருக்கும் வீடுகளில் தினமும் கேட்கும் கேள்வி இது. ஆனால், ரத்தப் பரிசோதனை நாளில் மட்டும் இதற்குச் சரியான பதில், 'இன்னும் இல்லை' என்பதுதான்.

அளவுக்கு மீறிய உற்சாகம், ஆழ்ந்த மனச்சோர்வு என மாறி மாறி வாட்டும் பைபோலார் பாதிப்புக்கு லித்தியம் முக்கியமான மருந்து. 1949-ல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் இதன் பலனை எழுதினார். அதே ஆண்டு அமெரிக்காவில், உப்பைக் குறைக்க வேண்டிய நோயாளிகள் மாற்று உப்பாக லித்தியம் குளோரைடைச் சேர்த்துக்கொண்டார்கள். பலருக்கு விஷமானது, சிலர் இறந்தும்போனார்கள். மருந்தாவதும் விஷமாவதும் அளவைப் பொறுத்ததே.

எவ்வளவு இருக்கலாம்?

பொதுவாக ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.6 முதல் 1.0 மில்லிமோல். 1.5-ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தலைகாட்டலாம். 2-க்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. இடைவெளி இவ்வளவு குறுகியது என்பதால்தான் பரிசோதனை கட்டாயம்.

எப்போது ரத்தம் கொடுப்பது?

கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. இரவு 9 மணிக்குப் போட்டால், காலை 9 மணிக்கு. லித்தியம் அளவுக்கு மட்டும் என்றால் வெறும் வயிறு தேவையில்லை. காலை வேளை மாத்திரை இருந்தால், ரத்தம் கொடுத்த பிறகு போடலாம். முன்பே போட்டுவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால், அடங்கியிருந்த நோய் திரும்பலாம். மறந்து போட்டுவிட்டீர்களா? மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மருந்து தொடங்கிய அல்லது டோஸ் மாற்றிய ஒரு வாரத்தில் முதல் பரிசோதனை. அளவு சீராகும்வரை வாரம் ஒருமுறை, பிறகு 3 மாதங்களுக்கு ஒருமுறை. சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் பரிசோதனைகள் 6 மாதங்களுக்கு ஒருமுறை.

வெயிலில் கூடுதல் கவனம்

லித்தியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். உடலில் நீரும் உப்பும் குறைந்தால், அது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். கத்திரி வெயில், வாந்தி, வயிற்றுப்போக்கு, திடீரென உப்பை நிறுத்துவது எல்லாமே அளவை ஏற்றிவிடும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கிப்போடும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும், சில பி.பி மாத்திரைகளும் அப்படியே.

கை அதிகமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம்... இவை தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

'இப்போ நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு டெஸ்ட்?' என்று தோன்றும். நன்றாக இருப்பதே மருந்து சரியான அளவில் இருப்பதால்தான். டெஸ்ட்டைத் தள்ளிப்போடவும் வேண்டாம், மாத்திரையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம். அடுத்த முறை லேபுக்குப் போகும்போது, கடைசி மாத்திரை போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ரிசல்ட்டைப் படிக்கும் டாக்டருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.