மற்றும் குழுவினர்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் எல்.ஆர். ஈஸ்வரிக்கு ஓய்வு கிடையாது. கொரட்டூரில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி என்று ரயில் பாதையின் இருபுறமும், அந்தப் பக்கம் திருவேற்காடு, பூந்தமல்லி வரைக்கும், கூழ் அண்டா அடுப்பில் ஏறுவதற்கு முன்பே புனல் ஒலிபெருக்கி மரத்தில் ஏறிவிடுகிறது. ‘கற்பூர நாயகியே’ கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் விடிவதில்லை. கருமாரியை அழைக்கும் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரின் முழுப்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. இது தெரிந்தவர்கள் மேலும் தெரியாதவர்கள் மேலும் அருள் ஒரே மாதிரிதான் இறங்குகிறது.

ஈஸ்வரியைப் புகழ இந்தப் பக்கம் தேவையில்லை, தெருவே செய்கிறது. அவர் எங்கிருந்து வந்தார் என்பதுதான் நம் கவலை. அவருடைய தாயார் நிர்மலா படங்களில் கோரஸ் பாடியவர். 1954இல் வந்த ‘மனோகரா’வில் ஜிக்கி பாட, பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தியாக ஈஸ்வரியும் பாடினார். தனிப்பாட்டு கிடைக்க 1958 ஆயிற்று. ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி. மகாதேவன் கொடுத்தார். ஊர் முழுக்கத் தெரிந்தது 1961இல், ‘பாசமலர்’ படத்தின் ‘வாராயென் தோழி’யால். கல்யாண வீடுகளில் இன்றும் ஒலிக்கும் பாட்டு. அதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். மணப்பெண்ணைச் சீண்டி மேடைக்கு இழுத்து வருவது ஈஸ்வரி மட்டுமில்லை. கூடவே ஒரு தோழியர் கூட்டம் பாடுகிறது. அவர்களை எடுத்துவிட்டால் அங்கே ஒரு பெண் தனியாகப் பாடிக்கொண்டிருப்பாள், கல்யாணம் இருக்காது. வானொலி அறிவிப்பில் அந்தத் தோழிகளுக்குக் கிடைத்தவை இரண்டே சொற்கள்: மற்றும் குழுவினர்.

1954இல் ஈஸ்வரிக்கு வலப்பக்கம் நின்றவர் யார், இடப்பக்கம் நின்றவர் யார்? நிர்மலாவின் பெயர்கூட நமக்குக் கிடைத்தது மகள் புகழ்பெற்றதால்தான். மகள் புகழ்பெறாத நிர்மலாக்கள் கோடம்பாக்கத்தில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

கோரஸ் எளிய வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பல தடங்களில் தனித்தனியாகப் பதியும் வசதி வருவதற்கு முன்பு, வாத்தியம், பாடகர், கோரஸ் எல்லாம் ஒரே மூச்சில் பதிவாக வேண்டும். ஒரே மைக்கைச் சுற்றி நான்கைந்து பெண்கள். கனத்த குரல் ஓரடி பின்னால், மெல்லிய குரல் முன்னால். கடைசிச் சரணத்தில் ஒருத்தி அரை மாத்திரை பிசகினால் நாற்பது பேர் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பாட்டு அன்று காலையில்தான் கைக்கு வரும். தன் குரல் தனியாகக் கேட்டுவிடக் கூடாது என்பதே தொழிலின் முதல் பாடம். தனிப்பாடகிக்குச் சொல்லப்படுவதற்கு நேர் எதிர். பின்னாளில் இளையராஜாவின் பாடல்களில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சுரவரிசைகளைப் பிரித்துப் பாட வேண்டி வந்தபோது, அது கச்சேரிப் பயிற்சியால் மட்டும் வரக்கூடிய வித்தையாக இல்லை. பக்கத்தில் நிற்பவள் வேறொரு சுரத்தில் நிற்க, நம் சுரத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் கூலி கால்ஷீட் கணக்கில்.

சேர்ந்து பாடுவதே ஒரு கலை என்று தமிழ்நாட்டில் பிடிவாதமாகச் சொன்னவர் எம்.பி. சீனிவாசன். திரை இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியதில் முதன்மையானவரும், சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கியவரும் அவரே. இவ்விரண்டையும் ஒரே மனிதர் செய்தது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. குழுவாகப் பாடுபவரின் கலையை மதித்தவருக்குத்தான் அவருடைய கூலியும் கண்ணில் பட்டிருக்கிறது. 1988இல் அவர் காலமானார். அதன்பின் அந்த இரண்டு வேலைகளும் தனித்தனி வழியில் போய்விட்டன.

சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். சைக்கிளும் டயரும் டாங்கியும் செய்த அம்பத்தூர், ஆவடிக்காரர்கள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். அசல் டெட்ராய்ட்டுக்கும் மேற்கே ஒரு புறநகர் உண்டு. பெயர் இங்க்ஸ்டர். ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்தும், ஆலையை ஒட்டிய டியர்பார்னில் வீடு தர ஆளில்லாத கறுப்பினக் குடும்பங்கள் குடியேறிய ஊர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து மாணவியர் ஐந்து பேர் ‘மார்வலெட்ஸ்’ என்ற பெயரில் மோட்டவுன் நிறுவனத்துக்குப் பாடினார்கள். தபால்காரரை நிறுத்திக் காதலன் கடிதம் வந்ததா என்று விசாரிக்கும் பாட்டு. அது 1961 டிசம்பரில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. மோட்டவுனுக்கே அதுதான் முதல் முதலிடம். நம்மூரில் ‘பாசமலர்’ ஓடிய அதே வருடம். பாட்டை உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்ட ஜார்ஜியா டாபின்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அப்பா சம்மதிக்கவில்லை. இசைத்தட்டு வருமுன்பே விலகிவிட்டார். இந்த அப்பாவை நமக்குத் தெரியும். இசைத்தட்டுத் தொகுப்பின் அட்டையில் ஒரு தபால்பெட்டி இருந்தது, பாடிய பெண்களின் முகம் இல்லை. பிற்காலத்தில் குழுவின் பெயர் ஒரு வியாபாரியின் வணிகச் சின்னமாகி, யார் யாரோ மார்வலெட்ஸ் என்று மேடையேறினார்கள். முன்னின்று பாடிய கிளாடிஸ் ஹார்ட்டனால் அந்தப் பெயரைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை. 2011இல் அவர் இறந்தார். ராக் இசைப் புகழ்மன்றத்தின் பரிந்துரைப் பட்டியலில் மார்வலெட்ஸ் இருமுறை வந்தும் உள்ளே போகவில்லை.

அதே மோட்டவுனில் ஜாக்கி ஹிக்ஸ், மார்லீன் பாரோ, லூவெய்ன் டெம்ப்ஸ் என்று மூன்று பெண்கள் இருந்தார்கள். ‘ஆண்டன்டீஸ்’ என்று கூப்பிடுவார்கள். மற்றவர்களின் இசைத்தட்டுகளில், சில நேரம் வேறொரு பெண்கள் குழுவின் பெயரிலேயே, இவர்கள் குரல் ஓடியது. தட்டின் மேல் இவர்கள் பெயர் ஓடவில்லை. டார்லீன் லவ் கதை இன்னும் மோசம். 1962இல் அவர் பாடிய பாட்டு ‘கிரிஸ்டல்ஸ்’ குழுவின் பெயரில் வெளியாகி முதலிடம் போனது. எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் அடுத்தவர் வீட்டைச் சுத்தம் செய்து பிழைத்துக்கொண்டிருந்தபோது வானொலியில் அவருடைய குரலே பாடிக்கொண்டிருந்தது. இவர் போன்ற பின்குரல் பாடகிகளைப் பற்றிய ஆவணப்படம் 2014இல் ஆஸ்கர் வாங்கியது. படம் வாங்கியது என்பதைக் கவனிக்க.

நம் நாட்டில் முன்வரிசைக்காரர்களே பெயருக்குப் போராடித்தான் வாங்கினார்கள். 1949இல் ‘மகல்’ படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கு இசைத்தட்டில் அச்சான பெயர் காமினி. அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர். பாடியது யார் என்று நேயர்கள் வானொலிக்கு எழுதிக் கேட்ட பிறகுதான் உண்மைப் பெயர் வெளியே வந்தது. பின்னணிப் பாடகருக்கு ஃபிலிம்பேர் விருது 1959இல்தான் தொடங்கியது. அதற்கும் லதா சண்டை போட வேண்டியிருந்தது. சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதலில் பெற்றவர் நம் பி. சுசீலா, ‘உயர்ந்த மனிதன்’ படத்துக்காக. கோரஸ் என்றொரு பிரிவு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. விருது போகட்டும், சட்டத்துக்கு வருவோம்.

2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பாடகர்களுக்கும் உரிமத்தொகையில் பங்கு உண்டென்று ஆனது. பத்திரிகைகள் கொண்டாடின. அதே திருத்தத்தில், நிகழ்த்துநர் யார் என்று சொல்லும் இடத்தில், ஒரு விலக்கு சேர்ந்தது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்களிப்பு போகிறபோக்கிலானதாகவோ உதிரியானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியல் உட்பட எங்கும் அவர் குறிப்பிடப்படாதவராகவும் இருந்தால், அவர் நிகழ்த்துநர் அல்ல. தன் பங்களிப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும். கூட்டத்தில் நடந்துபோகும் துணை நடிகர்களை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கலாம். கோரஸ் உதிரி வேலைதானா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம், வெல்லவும் செய்யலாம். ஆனால் வாசகத்தை மறுபடி படித்துப் பாருங்கள். பெயர் போடாமல் விட்டது யார்? தயாரிப்பாளர். அதனால் உரிமை இழக்கக்கூடியவர் யார்? பாடியவர். பெயர் போடாத வழக்கமே பெயர் போடாததற்கு நியாயமாகிறது.

பெயர் போட இடமில்லை என்ற சாக்கு ஒருகாலத்தில் பொருந்தியிருக்கும். இசைத்தட்டின் நடுவட்டம் உள்ளங்கை அகலம். ஆனால் ஏ.ஆர். ரகுமானின் கேசட், குறுந்தகடு உறைகளில் வாத்தியம் வாசித்தவர், கோரஸ் பாடியவர் என்று வரிசையாகப் பெயர்கள் வந்தன. பொடி எழுத்துதான், பூதக்கண்ணாடி வேண்டும்தான், ஆனாலும் வந்தன. மனமிருந்தால் இடமிருந்தது. பிறகு உறையே போய்விட்டது. இன்று பாட்டு செல்பேசியில் வருகிறது. பெரும்பாலும் முன்னணிப் பாடகர், இசையமைப்பாளர், கதாநாயகன் படம். ஆயிரம் பெயர்களுக்கு இடமுள்ள திரையில் மூன்று பெயர்கள். படத்தின் நன்றி அட்டையில் படப்பிடிப்புக் குழு தங்கிய விடுதிக்குக்கூட இடம் இருக்கிறது.

வாமனன் போன்றவர்கள் மறந்துபோன பாடகர்களைத் தேடித்தேடி எழுதியிருக்கிறார்கள். ரோஜா முத்தையா நூலகத்தில் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் கோரஸ் பாடியவர் பெயர் புத்தகத்தில் ஏறியிருந்தால்தானே ஆய்வாளர் எடுக்க முடியும்? அது இப்போது சில வயதான பெண்களின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. அவர்களில் சிலர் நம் தெருக்களிலும் இருக்கக்கூடும். அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷன் மாறிக் கோடம்பாக்கம் போய்ப் பாடிவிட்டு, ராத்திரி வண்டியில் திரும்பியவர்கள். அம்மன் கோயில் மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு ஈஸ்வரி பாட்டைப் பாடியவர்களையும் இதில் சேர்க்கிறோம். ஃப்ளெக்ஸில் குழுத் தலைவரின் படம் ஆளுயரத்துக்கு இருக்கும். இவர்கள் அதில் ‘பாடகியர்’.

அடுத்த இதழிலிருந்து நான்கு பக்கங்களை இதற்கென்று ஒதுக்குகிறோம். கவிதைகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு அம்மா, அத்தை, பாட்டி இருந்தால், அவரைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். எந்தப் படம், யார் இசை, எந்த ஸ்டூடியோ, எத்தனை பேர் நின்றார்கள், என்ன கொடுத்தார்கள். வருடம் சரியாக நினைவில்லையென்றால் யார் யாருக்குக் கல்யாணமான வருடம் என்று சொன்னால்கூடப் போதும், நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்கிறோம். அச்சில் தன் பெயர் வர அவருக்குச் சம்மதமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். பக்கத்தில் நின்று பாடியவர்களின் பெயரையும் மறக்காமல் கேளுங்கள்.