பெட்டியை எறியாதேங்கோ!



டிறில், கிறைண்டர், மின் சீவுளி மாதிரியான கரண்டுச் சாமான்களை நாங்கள் எப்படி வைக்கிறோம், எப்படிக் கொண்டு போகிறோம் என்பது பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். "இதையெல்லாம் ஒரு பதிவாகப் போட வேணுமோ?" என்று சிலர் கேட்பீர்கள். போட வேண்டும். ஒரு குடும்பத்தின் சோறு அந்தச் சாமானில்தான் இருக்கிறது.

காலை ஏழு மணிக்கு மருதனார்மடம் சந்தியில் நின்று பாருங்கள். சுன்னாகம் பக்கமும் யாழ்ப்பாணம் பக்கமுமாக மேசன்மார், ஓடாவிமார், வயரிங் வேலைக்காரர், வெல்டிங் பொடியள் எல்லாரும் மோட்டார் சைக்கிளில் போவார்கள். பலபேரின் ஹாண்டிலில் ஒரு உரப்பை தொங்கும். அதற்குள் கிறைண்டர், டிறில், சுத்தியல், சாந்தகப்பை, சாப்பாட்டுப் பார்சல் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கும். வயர் வெளியே தொங்கிச் சில்லுக்குப் பக்கத்தில் ஆடும்.

அந்தக் கிறைண்டர் கடையில் வாங்கிய அன்று ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது. அதன் உருவத்துக்கே குழி வைத்து, வயருக்கு ஒரு இடம், சாவிக்கு ஒரு இடம் விட்டுச் செய்த பெட்டி. இப்போது அது எங்கே? ஒரு வீட்டில் அதற்குள் துருப்பிடித்த ஆணி கிடக்கிறது. இன்னொரு வீட்டில் அதில் கோழிக்குத் தீன் வைக்கிறார்கள். மிச்சம் பிரதேச சபையின் குப்பை உழவு இயந்திரத்தில் ஏறிப் போய்விட்டது.

ஒரே வேலைத்தலத்தில் நின்றாலும் சொந்தச் சாமான் வைத்திருப்பவரும் வெறுங்கையோடு வருபவரும் ஒன்றல்ல. சாமான் வைத்திருப்பவர் ஒரு அறைக்கோ ஒரு கூரைக்கோ தானே கொந்தராத்துப் பேசலாம். வெறுங்கையோடு வருபவர் நாள் கூலிக்குத்தான் நிற்க வேண்டும். ஒரு பொடியன் கையாளாகத் தொடங்கி, சீட்டுப் பிடித்து, ஒரு கிறைண்டர் வாங்கி, பிறகு ஒரு டிறில் வாங்கி மேலே வருகிறான். அந்தச் சாமான் எரிந்து போனால் அவன் திரும்பக் கூலிக்குத்தான் போவான்.

2022 மார்ச்சில் ரூபாயைக் கைவிட்டபோது 200 ரூபா அளவில் நின்ற டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. இந்தச் சாமான்கள் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டிலிருந்து வருபவை. அதற்கு முன்னம் வாங்கி வைத்திருப்பவர் அதே சாமானை இன்று அந்த விலைக்கு வாங்க முடியாது. ஆகவே கையில் இருப்பதைக் காப்பாற்றுவதும் உழைப்புத்தான்.

உரப்பைக்குள் ஒரு சாமானை நாலு விசயம் கொல்லுகிறது.

1. அடி. நாலு அங்குலக் கிறைண்டர் நிமிடத்துக்குப் 11,000 சுற்று அளவில் சுற்றும். அந்த வேகத்தில் தட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் போகிறது. பைக்குள் சுத்தியல் முட்டி அந்தத் தட்டில் மயிரளவு வெடிப்பு விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. சுவிச்சைப் போட்டதும்தான் தெரியும். அப்போது எதிரே இருப்பது முகம். தட்டைக் கழற்றி, தட்டையாக, ஈரம் படாமல் வைக்க வேண்டும். தட்டின் நடுவில் இருக்கும் இரும்பு வளையத்தைப் பாருங்கள், காலாவதித் திகதி பொறித்திருக்கும். பாண் பக்கற்றில் திகதி பார்க்கிற நாங்கள் இதையும் பார்க்க வேண்டும்.

2. வயர். சாமானின் உடம்பிலேயே வயரை இறுக்கிச் சுற்றுவதுதான் எங்களின் பழக்கம். வயர் உடம்புக்குள் நுழைகிற கழுத்தில் உள்ளே செம்புக் கம்பி ஒவ்வொன்றாக அறும். ஒருநாள் "ஆட்டினால் வேலை செய்யுது" என்பார்கள். அது பொறி பறக்கிற கட்டம். வயரைத் தளர்வாக வளையம் போட்டுப் பெட்டியில் அதற்கென்று இருக்கிற இடத்தில் வைத்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது.

3. தூசி. எங்கள் உடுவில், இணுவில், சுன்னாகத்துச் செம்மண் எப்படிப் பட்டது என்று வெள்ளைச் சட்டை போடுகிற பிள்ளைகளின் தாய்மாரைக் கேளுங்கள். அந்த மண்ணும் சீமெந்துத் தூளும் காற்றுத் துவாரத்தால் மோட்டாருக்குள் போய்க் காபன் பிறஷையும் பெயாரிங்கையும் தின்னும்.

4. ஈரம். ஐப்பசி, கார்த்திகை மாரியில் உரப்பை நனைந்தால் சாமானும் நனையும். ஆனால் பெட்டியிலும் ஒரு ஆபத்து உண்டு. நனைந்த சாமானைத் துடைக்காமல் பெட்டிக்குள் பூட்டினால் உரப்பையை விடக் கெதியாகத் துருப்பிடிக்கும். முதலில் துடைத்து, நிழலில் காய விட்டு, டிறிலின் வாய்க்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டுப் பிறகு மூடுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிறிய ஈரமுறிஞ்சிப் பக்கற்றை எறியாமல் உள்ளே போட்டு விடுங்கள்.

தையல் மெஷின் என்றதும் ஒரு விசயம். சிங்கர் கொம்பனி இலங்கைக்கு வந்தது 1877 இல். அந்தக் காலத்துக் கை மெஷினுக்கு வளைந்த மர மூடி ஒன்று, அதற்குப் பூட்டு, திறப்பு எல்லாம் இருந்தது. தைத்து முடிந்ததும் துடைத்து, எண்ணெய் விட்டு, மூடியைப் போட்டுப் பூட்டித்தான் எங்கள் உம்மம்மாமார் எழும்புவார்கள். திறப்பு இடுப்பில் இருக்கும். அப்படி வைத்த மெஷின்கள் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் ஓடின. யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. மெஷினும் மூடியும் ஒரே சாமான் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

அந்த மெஷின்களில் எத்தனையோ 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டி வந்த நாள் அது. தையல்காரர் மெஷினை விட்டார், இரும்புக் கடைக்காரர் கடையை விட்டார். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, உடுவில் உட்பட வலிகாமமே செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. கையில் பிள்ளையும் தலையில் மூட்டையுமாக நடந்த ஓடாவியார் வாளையும் சீவுளியையும் எப்படித் தூக்குவது? கைத்தொழில் கையில் இருந்தும், சாமான் இல்லாமல் கூலிக்கு நின்ற தகப்பன்மார் எங்கள் பக்கமும் இருந்தார்கள், உங்கள் பக்கமும் இருந்தார்கள். சாமானின் அருமை தெரியாத ஊர் இல்லை இது. அதனால்தான் இதை உரிமையோடு எழுதுகிறோம்.

இனி, ஆசிரியர்களாக நாங்கள் கண்ட ஒன்று. கலாசாலையில் செய்முறைப் பாடம் படிப்பிக்கப் பழகியபோது, கருவியைப் பிள்ளையின் கையில் கொடுக்க முதல் அதை வைக்கிற இடத்தைக் காட்ட வேண்டும் என்று பழக்கினார்கள். வகுப்பில் அதன் பலன் தெரிகிறது. செய்முறை முடிந்து மணி அடிக்கும்போது இருபது சாமானை எண்ணிக்கொண்டிருக்க நேரம் இல்லை. பெட்டியைத் திறந்தால் ஒரு குழி வெறுமையாக இருக்கும். எது வரவில்லை என்று அதுவே சொல்லும். வரவு இடாப்பு மாதிரித்தான். வேலைத்தலத்தில் இருட்டுப்பட வீட்டுக்குப் போக அவசரப்படுகிற ஒருவருக்கும் அந்தக் குழி அதே உதவியைச் செய்யும். டிறிலின் சாவி, கிறைண்டரின் பக்கக் கைப்பிடி, அலகுகள் எல்லாம் தொலைவது அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான். பக்கக் கைப்பிடி தொலைந்தால் ஒரு கையால் கிறைண்டர் பிடிப்பார்கள். அதன் பிறகு நடப்பது போதனா வைத்தியசாலைக்குத் தெரியும்.

வேலைக்காரர் சொல்லுகிற நியாயங்களையும் கேட்டோம்.

"பெட்டி இடத்தை அடைக்குது, மோட்டார் சைக்கிளில் வைக்க ஏலாது" என்கிறார்கள். உண்மை. ஆனால் பின் கரியரில் தட்டையாக வைத்து, பழைய சைக்கிள் ரியூப்பால் இரண்டு சுற்றுச் சுற்றினால் பெட்டி அசையாது. ஹாண்டிலில் தொங்குகிற பை வளைவில் ஆளையே இழுத்து விழுத்தும்.

"பெட்டியைக் கண்டால் கள்ளனுக்குத் தெரிஞ்சிடும்" என்கிறார்கள். இதுவும் உண்மை. அப்படியென்றால் பெட்டியை உரப்பைக்குள் போடுங்கள். சாமானை மட்டும் தனியே உரப்பைக்குள் போடாதீர்கள். பெட்டியின் உள்மூடியில் பெயரின் முதலெழுத்தைச் சூடான ஆணியால் எழுதுங்கள். சாமானில் இருக்கிற தொடர் இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதியோ படம் பிடித்தோ வையுங்கள். களவு போனால் பொலிசில் சொல்ல அந்த இலக்கம் வேண்டும்.

"பூட்டு உடைஞ்சிட்டுது, அதுதான் எறிஞ்சனான்" என்பது மூன்றாவது. பெட்டி ஒரு வகைப் பொலித்தீன் பிளாஸ்ரிக்கில் செய்தது. கீழே முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் அதுதான். அதில் பசை ஒட்டாது, ஒட்டி மினக்கெட வேண்டாம். சிறிய ஆணி நட்டும் வாஷரும் போட்டு ஒரு துண்டுப் பட்டியைப் பொருத்தினால் பூட்டும் சரி, பிணைச்சலும் சரி. ஒன்றும் இல்லாவிட்டால் திரும்பவும் சைக்கிள் ரியூப் இருக்கிறது.

சாமான் செத்துப் போனாலும் பெட்டிக்கு இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. பழைய டிறில் பெட்டியில் புதுக் கிறைண்டர் இருக்காது, ஏனென்றால் குழி பொருந்தாது. உள்ளே இடிக்கிற மேட்டை மட்டும் அளவாக வெட்டி எடுத்து, தேய்ந்த இறப்பர்ச் செருப்பை வெட்டிச் சுற்றிவர அடைத்தால் பொருந்திவிடும். ரெஜிபோம் வேண்டாம், அது பொடிந்து மோட்டாருக்குள் போகும். எதற்கும் பொருந்தாத பெட்டி வயரிங் சாமானுக்கு நல்லது. வீட்டில் முதலுதவிப் பெட்டியாகவும் வைக்கலாம். ஜேர்மனியில் 1993 இலிருந்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கொழுவுகிற பெட்டிகளே தனிச் சாமானாக விலைப்படுகின்றன. அங்கே காசு கொடுத்து வாங்குவதை இங்கே சும்மா எறிகிறோம்.

வெளிநாட்டு உறவுகளுக்கும் இரண்டு வரி. கனடாவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ற், இங்கே 230. அங்கே பாவித்த டிறிலைப் பெட்டி இல்லாமல், விளக்கக் கொப்பி இல்லாமல் அனுப்பினால் இங்கே யாரோ ஒரு பொடியன் அதை அப்படியே சுவரில் சொருகுவான், புகை வரும். பெட்டியோடு அனுப்புங்கள், வோல்ற் அளவைப் பெட்டியின் மேல் பெரிதாகத் தமிழில் எழுதுங்கள். பற்றரிச் சாமான் என்றால், கழற்றிய லிதியம் பற்றரியை விமானத்தில் பெரிய பொதிக்குள் போட முடியாது, கைப்பொதியில்தான் கொண்டு வர வேண்டும். 18 வோல்ற், 5 அம்பியர்-மணி பற்றரி 90 வாற்-மணி. 100 வரை சாதாரணமாக விடுவார்கள், அதற்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். இங்கே வந்த பிறகும் அதன் முனைகளில் ஆணியோ அலகோ முட்டக் கூடாது. வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் வைக்கவும் கூடாது.

வாழ்வாதார உதவி கொடுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மேடை போட்டு, படம் எடுத்து, ஒரு டிறிலைக் கையில் கொடுக்கிறீர்கள். நல்ல காரியம். பெட்டியோடு கொடுங்கள். எப்படித் துடைப்பது, எப்படி வைப்பது என்று அரை மணித்தியாலம் சொல்லிக் கொடுக்கவும் ஆளை வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடமும் அதே வீட்டுக்கு அதே டிறிலைக் கொடுக்க வேண்டி வரும்.

சரஸ்வதி பூசைக் காலத்தில் எங்கள் அயலவர்கள் சாமான்களைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறோம். எங்கள் வீடுகளில் இரவல் வாங்கிய சாமானை அமானிதம் என்போம், வாங்கியதை விட நல்லபடியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மரியாதை இரண்டு இடத்திலும் இருக்கிறது. அதை வருடம் முழுக்க வைத்திருக்க ஒரு பெட்டி போதும்.

முடிவாக ஒரு யோசனை. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையங்களில் ஒரு மூலையை வெறும் பெட்டிகளுக்கு ஒதுக்கலாம். வீட்டில் சும்மா கிடக்கிற பெட்டியை அங்கே கொண்டு வந்து வையுங்கள். தேவையானவர் எடுத்துப் போகட்டும். காசு வேண்டாம். தொழில்நுட்பப் பாடம் எடுக்கிற பிள்ளைகள் உடைந்த பூட்டுகளைத் திருத்திக் கொடுப்பார்கள், அது அவர்களுக்கும் ஒரு செய்முறை. எந்த நிலையம் முன்வரும் என்று கீழே எழுதுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை பெட்டி கிடக்கிறது என்றும் எழுதுங்கள். கோழித் தீன் போடுகிற பெட்டியையும் கணக்கில் எடுப்போம், கழுவித் தந்தால் சரி.