யாரைக் கேட்டுத் தீட்டிய திட்டம்?

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே, றொசல்லப் புகையிரத நிலையத்தைச் சூழ்ந்து நிற்கும் மலைகளில் கொழுந்து பறிக்கிறாளே ஒரு பெண், அவளுடைய வாழ்வுக்குத் திட்டம் தீட்டாதவர் யார்? அரசு தீட்டுகிறது, கம்பெனி தீட்டுகிறது, தொண்டு நிறுவனங்களும் தீட்டுகின்றன. அவளைக் கேட்டவர் யார் என்பதே நமது கேள்வி.

“கேட்டோமே! மக்கள் பங்கேற்புடன் கூட்டம் நடத்தினோமே!” என்பார்கள். எப்போது நடத்தினீர்கள், ஐயா? காலை பத்து மணிக்கு! பத்து மணிக்கு அவள் மலையிலே நிற்கிறாள். கூடையை இறக்கிவிட்டு உங்கள் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய பேர் அரைப்பேராகிவிடும். ஆகவே அவள் வருவதில்லை. அவள் பெயரால் பேசுவோர் வருகிறார்கள். சுவரெங்கும் வண்ணத்தாள்கள் ஒட்டப்படுகின்றன. மாலையில் வாசிக்கப்படும் முடிவோ முதல்நாளே தட்டச்சாகிவிட்டது. இது கூட்டமா, கையெழுத்து வாங்கும் சடங்கா?

இந்தச் சடங்குகூட இல்லாத காலமும் இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தார்கள். லயத்து வாசலுக்கு வந்து, “உனக்கு எந்த மண் வேண்டும்?” என்று எவரும் கேட்கவில்லை. பிரஜாவுரிமையும் வாக்கும் மீண்ட பின்னரும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் சபையின் பணம் தோட்டத்துக்குள் வராதபடி தடுத்து நின்றது. அதைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

“அவர்களுக்குத் திட்டமிடத் தெரியாதே!” என்று இரங்குவோரும் உண்டு. மாரியம்மன் திருவிழாவுக்கு வரிப்பணம் திரட்டிக் கணக்குக் காட்டுவது யார்? காமன் கூத்துக்கு ஆளாளுக்கு வேலை பகிர்ந்து விடியவிடிய நடத்துவது யார்? நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் கண்டபோதும், மீனாட்சி அம்மையார் பாட்டாலே தொழிலாளரைத் திரட்டியபோதும், 1940இல் முல்லோயாப் போராட்டத்தில் கோவிந்தன் குண்டுக்குப் பலியானபோதும் தம் தேவை எதுவென்று இவர்கள் தெளிவாகவே அறிந்திருந்தார்கள். பேசத் தெரியாதவர் தொழிலாளரல்லர். கேட்கத் தெரியாதவர் நாம்தாம்.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! நாளை இத்தகைய கூட்டத்தை நடத்தும் பொறுப்பு உங்களிடமே வரக்கூடும். அன்று மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்தபின் லயத்து வாசலிலே கூடுங்கள். பகலில்தான் கூட்டமென்றால் அவளுக்கு முழுப்பேர் போடச் சொல்லுங்கள். தலைவருக்கு முன்னதாக அவளைப் பேச விடுங்கள். முதலில் வேண்டியது தண்ணீர்க் குழாயா, பிள்ளைக்காம்பராவா, பாதையா என்பதை அவளே வரிசைப்படுத்தட்டும். கையிலுள்ள பணம் எவ்வளவு என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். தொகை தெரியாதவன் எதைத் திட்டமிடுவான்? எழுதியதைக் கலையுமுன் தமிழிலே உரக்கப் படித்துக் காட்டுங்கள். “நான் இப்படிச் சொல்லவில்லை” என்று ஒருத்தி எழுந்தால் அந்த இடத்திலேயே திருத்துங்கள். அடுத்த கூட்டம், சென்ற கூட்டத்தின் முடிவு என்னவாயிற்று என்ற கேள்வியோடு தொடங்கட்டும்.

இவ்வளவுக்கும் மனமில்லாதவர்கள் கூட்டமே கூட்ட வேண்டாம். கேளாமல் இழைத்த அநீதிகளுக்கு வரலாற்றில் கணக்கு உண்டு. கேட்டதாக நடித்து இழைக்கும் அநீதிக்கோ, பாதிக்கப்பட்டவளின் கையெழுத்தே சாட்சியாகி விடுகிறது!