கறுத்த திரை: பழுதா, கொள்கையா?

ஹேக்கின்டோஷ் கட்டிய ஆய்வு மாணவரின் திரை கறுத்துப்போனால் அது அவர் தேடிக்கொண்ட வினை என்னும் தீர்ப்பு, பல்கலைக்கழக வளாகங்களில் மிக எளிதாக வழங்கப்படுகிறது. நேரு பிளேஸிலோ எஸ்.பி. ரோட்டிலோ ரிச்சி தெருவிலோ உதிரிபாகங்கள் வாங்கி, கணினியைத் தானே பூட்டி, அதில் ஆப்பிளின் மேக் இயங்குதளத்தை நிறுவுவதுதான் ஹேக்கின்டோஷ். அதைச் செய்தவர் தொழில்நுட்பம் அறியாதவர், உரிமத்தை மீறியவர் என்ற இரு குற்றச்சாட்டுகளோடு வழக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் விசாரணையின் முதல் கேள்வியே கேட்கப்படவில்லை. திரையை அணைத்தது பழுதா, ஒரு நிறுவனத்தின் முடிவா?

இவ்விரண்டையும் பிரித்தறிய முடியும். பிரித்தறியும் முறை, எந்த ஆய்வுக்கூடமும் பெருமையோடு ஏற்கத்தக்க முறையே.

முதல் வகை இருட்டு கம்பியில் இருக்கிறது. தனி வரைகலை அட்டை பொருத்தப்பட்ட கணினியில் திரையின் கம்பியை மதர்போர்டின் துளையில் செருகிவிடுவது மிகப் பழைய பிழை. ஹேக்கின்டோஷில் இப்பிழை இருமடங்காகிறது. செயலியின் உள்ளமை வரைகலையைக் கணக்கீட்டுக்கு மட்டும் பயன்படுத்துமாறு அமைத்திருந்தால், மேக் இயங்குதளத்தைப் பொறுத்தவரை மதர்போர்டில் திரைக்கான வாயிலே இல்லை. கல்லூரி ஆய்வகங்களில் இன்னும் உழைக்கும் பழைய விஜிஏ திரைகள் மற்றொரு கண்ணி. அண்மைக்கால அட்டைகள் அனலாக் சமிக்ஞையைத் தருவதில்லை. டிவிஐ வாயிலும் டிஜிட்டல் மட்டுமே. இருநூறு ரூபாய்ச் செருகி அங்கே உதவாது. சமிக்ஞையையே மாற்றித் தரும் மாற்றி வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 வாயிலில் 4கே திரைக்கு நொடிக்கு 30 சட்டகங்களே கிடைக்கும். 60 வேண்டுமெனில் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.2 தேவை. இவையெல்லாம் இயற்பியல். இங்கே எவரையும் குறைசொல்ல இடமில்லை.

இரண்டாம் வகை இருட்டு அட்டையிலும் அதன் நிலைபொருளிலும் இருக்கிறது. கிரிப்டோ நாணயச் சுரங்கத்தில் ஓடித் தேய்ந்த ஆர்எக்ஸ் 570, 580 அட்டைகள் இந்தியச் சந்தையில் பழைய விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் பயாஸ் சுரங்க வேலைக்காகத் திருத்தப்பட்டிருக்கும். மூலப் பயாஸை மீண்டும் எழுதும்வரை அவை ஒழுங்காக நடந்துகொள்ளா. ‘580 2048எஸ்பி’ என்னும் அட்டை பெயரளவில் 580. உள்ளீட்டில் 570க்கு நிகரானது. அதன் அடையாள எண்ணை மேக் இயங்குதளம் அறியாது. புதிய முறைத் தொடக்கத்தை ஆதரிக்காத பழைய அட்டையோ, பயாஸில் சிஎஸ்எம் அணைக்கப்பட்டவுடன் முதல் எழுத்தைக்கூடக் காட்டாது. இவையும் பழுதுகளே. தேடினால் காரணம் கிடைக்கும். காரணம் கிடைத்தால் தீர்வும் கிடைக்கும்.

மூன்றாம் வகை வேறு. பயாஸ் திரை தெளிவாகத் தெரிகிறது. ஆப்பிள் சின்னம் தோன்றுகிறது; முன்னேற்றக் கோடு நகர்கிறது. இயங்குதளம் தன் சொந்த இயக்கியிடம் திரையை ஒப்படைக்கும் கணத்தில் எல்லாம் கறுத்துவிடுகிறது. அதே அட்டையையும் அதே கம்பியையும் கொண்டு, பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கினால் படம் குறையின்றி வருகிறது. முன்கூட்டியே திரைப்பகிர்வை இயக்கி வைத்திருந்தால், இன்னொரு கணினியிலிருந்து இந்தக் கணினியைத் தொடர்புகொள்ளவும் முடிகிறது. அதாவது, கணினி உயிரோடு இருக்கிறது. காட்டுவதற்கு மட்டும் அனுமதி இல்லை.

அனுமதியை மறுப்பது எது? மேக் இயங்குதளத்தில் ‘ஆப்பிள் கிராபிக்ஸ் டிவைஸ் பாலிசி’ என்றொரு பகுதி உண்டு. மதர்போர்டின் அடையாளக் குறியைப் பார்த்து, வரைகலை வெளியீடு எவ்வாறு நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது அதன் பணி. ஆர்எக்ஸ் 5700, 6800 போன்ற அட்டைகளைப் பொருத்தியவர்கள், ‘ஏஜிடிபிமாட்=பிகெரா’ என்ற ஒரே தொடரைத் தொடக்கக் கட்டளையில் சேர்த்தவுடன் இருண்ட திரை ஒளிர்வதைக் கண்டிருக்கிறார்கள். அத்தொடர் எந்தப் பழுதையும் நீக்கவில்லை. அடையாளச் சோதனையைத் தாண்டிச் செல்கிறது, அவ்வளவே. ‘பாலிசி’, அதாவது கொள்கை என்னும் சொல் அப்பகுதியின் பெயரிலேயே ஒளிவுமறைவின்றி நிற்கிறது.

“உரிமத்தை மீறியவருக்கு இது நியாயமான தண்டனைதானே?” என்று கேட்கலாம். உரிமம் ஆப்பிள் முத்திரையிட்ட கணினிகளில் மட்டுமே நிறுவ அனுமதிக்கிறது என்பது உண்மை. இத்தகைய கணினிகளை விற்ற சைஸ்டார் நிறுவனத்துக்கு எதிரான தீர்ப்பை, அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் உறுதி செய்தது என்பதும் உண்மை. ஆனால் இந்த வாதம், உரிமத்தை மீறாதவர்களுக்கு நேர்ந்ததை விளக்கவில்லை.

என்விடியா 2017 ஏப்ரலில் தன் பாஸ்கல் தலைமுறை அட்டைகளுக்கு மேக் இயக்கியை வெளியிட்டது. அதை நம்பி, முழு விலை கொடுத்து வாங்கிய 2010, 2012 மேக் ப்ரோ கணினிகளில் அந்த அட்டைகளைப் பொருத்தியவர்கள் பலர். 2018 செப்டம்பரில் மொஹாவி வந்தது. மேக்ஸ்வெல், பாஸ்கல் அட்டைகளுக்கு அதில் இயக்கியே இல்லை. ஆப்பிளின் ஒப்புதலின்றித் தன்னால் இயக்கி வெளியிட இயலாது என்று என்விடியா பகிரங்கமாகக் கூறியது. 2019 நவம்பரில் வெளிவந்த குடா 10.2 பதிப்போடு மேக்கிற்கான ஆதரவும் நின்றது. உரிமத்தின் ஒவ்வொரு வரியையும் மதித்தவரும், ஒரு வரியையும் மதிக்காதவரும் ஒரே இருட்டின்முன் அமர்ந்தார்கள். தண்டனை என்றால் இது எந்தக் குற்றத்துக்கு? 2023இல் வெளிவந்த மேக் ப்ரோவில் விரிவாக்கச் செருகுவாய்கள் உண்டு; வரைகலை அட்டை எதையும் அவை ஏற்பதில்லை. என்விடியாவை அப்பாவியாகக் காட்டுவது இங்கே நோக்கமன்று. தன் வரைகலை இயக்கியின் கருநிரல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட அந்நிறுவனத்துக்கு 2022 மே வரை ஆயிற்று. குடாவோ இன்றும் அதன் தனியுடைமை.

இது பொழுதுபோக்காளரின் வருத்தம் மட்டுமன்று; வளாகத்தின் பொறுப்பும் இதில் உண்டு. மாணவர் ஏன் ஹேக்கின்டோஷ் கட்டுகிறார்? மருத்துவப் படிமங்களைப் படிக்க உதவும் ஓசிரிக்ஸ் மேக்கில் மட்டுமே ஓடுகிறது. அதன் நிரலிலிருந்து கிளைத்த ஹோரோஸ் திறந்த மூலமென்றாலும் அதற்கும் மேக்தான் வேண்டும். ஐஃபோன் செயலி எழுத எக்ஸ்கோடு வேண்டும், அதுவும் அங்கேதான். நெறியாளர் கருவியின் பெயரைச் சொல்லிவிடுகிறார். துறை அதை வாங்கித் தருவதில்லை. உதவித்தொகையில் மேக் வாங்க இயலாதவர் சந்தைக்குப் போகிறார். பிறகு திரை கறுக்கிறது. அந்த வாரங்களின் உழைப்பு ஆய்வேட்டின் எந்த அத்தியாயத்திலும் இடம்பெறுவதில்லை. கருவியைக் கட்டாயமாக்கியவரே, அதை இயக்கப் போராடியவரை அறியாதவர் என்கிறார். இது நேர்மையான ஏற்பாடு அன்று.

மறுபக்கத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். இன்னொருவர் உருவாக்கிய தொடக்கக் கோப்புறையை அப்படியே நகலெடுத்து, திரை ஒளிர்ந்ததும் அதை வெற்றி என்று அறிவிப்போர் அறிவு எதையும் சேர்க்கவில்லை. ஒரே நேரத்தில் நான்கு அமைப்புகளை மாற்றியவருக்கு எது பலித்தது என்று ஒருபோதும் தெரியாது. ஒரு மாறியை மட்டும் மாற்றுதல், ஒவ்வொரு தொடக்கத்தின் பதிவையும் காத்தல், தெரிந்த நல்ல கம்பியையும் தெரிந்த நல்ல திரையையும் ஒப்பீட்டுக்கு வைத்தல், தோல்வியையும் எழுதி வைத்தல் ஆகியவற்றைப் பின்பற்றுபவர் செய்வது ஆய்வு. மற்றது சூதாட்டம்.

இந்தக் கலையின் காலமும் முடிகிறது. இன்டெல் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு டஹோ என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. இனி இந்த வாயிலின் பூட்டைத் திறக்கும் தந்திரத்தைத் தேடுவதைவிட, வாயிலையே நம்பியிராத ஆய்வைக் கட்டுவதே அறிவுடைமை. முன்மாதிரிகள் இந்தியாவிலேயே உள்ளன. மைய அரசின் திறந்த மூல மென்பொருள் கொள்கை 2015இல் வந்தது. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. மும்பை ஐஐடியின் ஃபோசி திட்டம் கல்லூரிகளுக்காகவே இயங்குகிறது. பள்ளிப் பிள்ளைகளால் முடிந்தது முனைவர் பட்டத் துறைகளால் முடியாது என்றால், குறை திறமையில் இல்லை, விருப்பத்தில்தான் இருக்கிறது.

ஆகவே துறைகளிடம் கேட்க வேண்டியவை இரண்டே. ஒரே நிறுவனத்தின் கணினியில் மட்டும் ஓடும் கருவியைக் கட்டாயமாக்கும் நெறியாளர், அக்கணினியைத் துறைச் செலவில் தர வேண்டும்; இல்லையெனில் மாற்றுக் கருவியை ஏற்க வேண்டும். கணினியை இயங்கவைக்க மாணவர் செய்த பழுதாய்வை, ஆய்வு முறையியலின் ஒரு பகுதியாகப் பதிவுசெய்ய இடமளிக்க வேண்டும்.

கம்பியின் பழுதுக்கு மாணவர் பொறுப்பேற்கட்டும். அட்டையின் பழுதுக்கு விற்றவர் பொறுப்பேற்கட்டும். கொள்கையால் அணைந்த திரைக்கு மட்டும் பொறுப்பாளர் எவரும் இல்லை என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.