ஆய்வுப் பயிற்சி இளங்கலையிலேயே தொடங்கட்டும்

சிறுபான்மை மாணவர்களின் உயராய்வுக்கென நடுவண் அரசு 2009இல் மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையை ஏற்படுத்தியது. அத்திட்டம் நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதனை மீண்டும் வேண்டுவது நம் உரிமையே. ஆயினும் சான்றோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வுதவி எம்.பில்., பிஎச்.டி. நிலையினர்க்கே உரியதாக இருந்தது. நம் பிள்ளைகள் பலரோ விலங்கியலிலும் நுண்ணுயிரியலிலும் இளங்கலைப் பட்டம் பெற்றதோடு நின்றுவிடுகின்றனர். ஆய்வு நிலையத்தின் வாயிலையே காணாதவர் ஆய்வுப் பட்டத்தை நாடுவது எங்ஙனம்?

மருத்துவ, பல் மருத்துவ மாணவர்க்கு இக்குறை ஓரளவு நீங்கியுள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979இல் தொடங்கிய குறுங்காலத் திட்டம், வழிகாட்டி ஒருவரின்கீழ் இரு திங்கள் ஆய்ந்து அறிக்கை எழுத அவர்க்கு வழிசெய்தது. அறிவியல் மாணவர்க்கு, நாட்டின் மூன்று அறிவியல் அகாதெமிகள் இணைந்து வழங்கும் கோடை ஆய்வுப் பயிற்சி உண்டு. அமெரிக்காவிலும் சிறுபான்மை மாணவரை இளங்கலையிலேயே மருத்துவ ஆய்வுக்குப் பழக்கும் திட்டங்கள் 1970களில் தோன்றின.

இவற்றை நோக்க, நம் வட்டாரம் வாய்ப்பற்றது அன்று. கூட்டேரிப்பட்டிலிருந்து நாள்தோறும் பேருந்தில் சென்று திரும்பும் தொலைவில் புதுவை உள்ளது. ஜிப்மர் மருத்துவ நிறுவனமும், கொசு முதலியவற்றால் பரவும் நோய்களை ஆராய 1975இல் நிறுவப்பெற்ற மையமும் அங்குள்ளன. வெளியூரில் தங்க விடுவதற்குத் தயங்கும் பெற்றோரும் மாலையில் வீடு திரும்பும் மகளைத் தடுக்கமாட்டார்கள்.

ஆகவே, ஆண்டுதோறும் மாணவர் ஐவரைத் தேர்ந்து, கோடையில் இரு திங்கள் இத்தகைய நிலையங்களில் பயிற்றுவிக்க நம் கல்லூரி முன்வந்து இசைவு கோர வேண்டும். பேருந்துக் கட்டணம், பகலுணவு, சிறு உதவித்தொகை ஆகியவற்றை ஜமாஅத்துகளும் புரவலர்களும் ஏற்கலாம். கல்விக் கட்டணத்திற்கு மனமுவந்து வழங்கும் கைகள் இதற்குச் சுருங்கா என நம்புகிறோம். ஆய்வேடு எழுதும் முறையையும் தெளிந்த நடையையும் கற்பிக்கும் பொறுப்பைத் தமிழ்த்துறை ஏற்கலாம்.

1956இல் சென்னையில் அமைந்த காசநோய் மருத்துவ ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்துண்ணும் ஏழை நோயாளியும் மருத்துவமனையில் தங்கியவருக்கு இணையாகக் குணமடைவதை 1959இல் உலகிற்குக் காட்டியது. குடிசைகளில் வாழ்ந்த எளியோரின் நோயே அங்கு ஆய்வுப் பொருளாயிற்று. அத்தகைய வீடுகளின் இருமலையும் காய்ச்சலையும் கண்டு வளர்ந்த நம் பிள்ளைகள், அவற்றின் காரணத்தைத் தேடும் ஆய்வாளராகவும் உயர வேண்டும். அதற்கான முதற்படியை இளங்கலையிலேயே அமைத்துத் தருவது நம் கடமையாகும்.