எது துப்பாக்கி?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொருளும் நான் வழக்கமாக எழுதுவது அல்ல. உதிரி பாகங்களைப் பெட்டியாக வாங்கி, வீட்டு கராஜில் வைத்து ஒரு ரைஃபிளைத் தானே செய்துகொள்ளும் அமெரிக்கப் பொழுதுபோக்கு பற்றியது. ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது டெக்சாஸில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவனுக்குப் பதினான்கு வயதில் ஒரு மகன். போன வாரம் செய்தி அனுப்பியிருந்தான். "சார், எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் கிட் வாங்கி ரைஃபிள் பண்றாங்க. பையன் எந்நேரமும் போன்லயே இருக்கான். நானும் அவனும் சேர்ந்து ஒண்ணு பண்ணலாமான்னு யோசிக்கிறேன். கைவேலை தெரியாத படிப்பு அரைப் படிப்புன்னு நீங்கதானே சொல்வீங்க?"

என் வார்த்தையையே எனக்குத் திருப்பி அனுப்பிவிட்டான். "துப்பாக்கியா? வேண்டவே வேண்டாம்" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் கேள்வி கேட்ட மாணவனுக்குக் காரணம் சொல்லாமல் பதில் சொல்லிப் பழக்கம் இல்லை.

முதலில், இந்த கிட் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பனிப்போர் முடிந்த பிறகு ருமேனியா, போலந்து போன்ற நாடுகளின் ராணுவக் கிடங்குகளில் பழைய ரைஃபிள்கள் மலைபோல் கிடந்தன. அவை தானாகத் தொடர்ந்து சுடும் வகை. அப்படியே கொண்டுவந்து அமெரிக்கப் பொதுமக்களுக்கு விற்க முடியாது. எனவே ரைஃபிளின் நடுப்பகுதியை வெல்டிங் தீயால் துண்டு துண்டாக அறுத்துவிட்டு, மிச்ச பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்றார்கள். அந்த நடுப்பகுதிக்கு ரிசீவர் என்று பெயர். குழல், விசை, மரக்கட்டை எல்லாம் வந்து சேருகிற உடல் அதுதான். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் ரிசீவர்தான் துப்பாக்கி. மற்றதெல்லாம் சைக்கிள் செயின் மாதிரி. தபாலில் வாங்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். புது ரிசீவர் ஒன்றைக் கடையில் வாங்கும்போதுதான் படிவம், குற்றப் பின்னணிச் சோதனை எல்லாம்.

இதைப் படித்தபோது எனக்கு மிலிந்தன் கதை நினைவுக்கு வந்தது. மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி கேட்கிறார்: நீ வந்த தேரில் அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகத்தடி தேரா? அரசன் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்கிறான். எல்லாம் சேர்ந்த சேர்க்கைக்கு நாம் வைத்த பெயர்தான் தேர். தத்துவத்துக்கு அது போதும். காவல்துறைக்குப் போதாது. எங்கே எண்ணைப் பொறிப்பது? யாரை, எந்த நேரத்தில் சோதிப்பது? ஏதாவது ஒரு பாகத்தைச் சுட்டிக்காட்டி "இதுதான் தேர்" என்று சொல்லியாக வேண்டும். அமெரிக்கா ரிசீவரைச் சுட்டியது. நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தச் சிக்கலுக்குள்ளேயே போகவில்லை. ஆயுதம் என்றால் அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரமும் சேர்த்துத்தான் என்று எழுதிவிட்டார்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் வரை போகலாம். பொழுதுபோக்கு என்று சொல்லித் தப்ப முடியாது.

அமெரிக்காவில் ஒரு பாகத்தைச் சுட்டியதால் வந்த வேடிக்கைகள் பல. வெளிநாட்டுப் பாகங்களை வைத்துச் சில வகை ரைஃபிள்களைப் பூட்டும்போது, அரசு பட்டியலிட்டிருக்கும் 20 பாகங்களில் 10க்கு மேல் இறக்குமதியானவை இருக்கக் கூடாது. ஆகவே அந்த ஆட்கள் கராஜில் உட்கார்ந்து இது உள்நாடு, இது ருமேனியா என்று சோழி எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டிருப்பார்கள். 2005இல் இப்படிப்பட்ட கிட்டோடு வரும் பழைய குழல்களின் இறக்குமதியையும் நிறுத்தினார்கள். ஏஆர்-15 வகையில் ரிசீவரே இரண்டு பாதியாக வருகிறது. பழைய விதியின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால் இரண்டு பாதியில் எதுவுமே ரிசீவர் இல்லை என்று வக்கீல்கள் நீதிமன்றத்தில் வாதாடினார்கள். இலக்கணம் சரியாக எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வகுப்பில் காட்டக்கூடிய உதாரணம்.

சரி, எண்ணுக்கு வருகிறேன். என் கருத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

1963 நவம்பர் 22. டாலஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்டார். பாடப் புத்தகக் கிடங்கு ஒன்றின் ஆறாவது மாடியில் ஒரு பழைய இத்தாலிய ராணுவ ரைஃபிள் கிடந்தது. அதில் சி2766 என்ற எண். மறுநாள் விடிவதற்குள், சிகாகோவில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையின் பதிவேட்டில் அந்த எண் கிடைத்துவிட்டது. தொலைநோக்கியோடு சேர்த்து 19 டாலர் 95 சென்ட். தபால் செலவு தனி. ஏ. ஹிடெல் என்ற பெயருக்கு, டாலஸில் ஒரு தபால் பெட்டிக்கு அனுப்பியிருந்தார்கள். பெயர் பொய். ஆர்டர் எழுதிய கையெழுத்தும் அந்தத் தபால் பெட்டியும் லீ ஹார்வி ஆஸ்வால்டிடம் கொண்டுபோய் விட்டன.

ஐந்து ஆண்டு கழித்து, மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துச் சுடப்பட்ட 1968ஆம் ஆண்டில், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பொதுமக்கள் தபாலில் துப்பாக்கி வாங்குவது நின்றது. தொழிற்சாலையில் செய்யும் எல்லாத் துப்பாக்கிக்கும் வரிசை எண் கட்டாயமானது. ஆனால் ஒரு விலக்கு. தன் சொந்த உபயோகத்துக்கு ஒருவர் தானே செய்துகொள்ளும் சாதாரணத் துப்பாக்கிக்கு மத்திய சட்டப்படி உரிமமும் வேண்டாம், எண்ணும் வேண்டாம்.

அந்த விலக்கை நான் குறை சொல்ல மாட்டேன். பட்டறையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து தானே ஒன்றைச் செய்கிறவரை மனதில் வைத்து விட்ட இடம் அது. பின்னாளில் வியாபாரிகள் அந்த இடத்தில் கடை போட்டார்கள். ரிசீவரைக் கிட்டத்தட்ட முடித்து, கடைசி வேலையை மட்டும் மிச்சம் வைத்து விற்பது. "80 சதவீதம்" என்று அதற்குப் பெயர். இந்தச் சதவீதம் சட்டத்தில் இல்லை, விளம்பரத்தில் இருக்கிறது. முடிக்காதது துப்பாக்கி இல்லையாம். துப்பாக்கி இல்லாததற்கு எண்ணும் சோதனையும் எதற்கு என்பது வாதம். அதற்குத் தேவையான மற்ற பாகங்களையும் சேர்த்து ஒரே பெட்டியாக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

2022இல் அரசு புது விதி போட்டது: எளிதில் துப்பாக்கியாக மாற்றக்கூடிய கிட்டும் துப்பாக்கிதான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மார்ச் 26 அன்று ஏழுக்கு இரண்டு என்று விதியின் பக்கம் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி நீல் கோர்சச். துப்பாக்கி எதிர்ப்பாளர் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். அவர் சொல்லும் உதாரணம் எனக்குப் பிடித்திருந்தது. ஐகியா கடையில் பலகைகளாக வாங்கி வந்ததை, இன்னும் பூட்டாவிட்டாலும், "மேசை வாங்கினேன்" என்றுதானே சொல்கிறோம்? ஒரு கைத்துப்பாக்கி கிட்டை, முன்பின் அதைப் பார்த்திராத ஒருவர், சாதாரணக் கருவிகளையும் யூடியூபையும் வைத்து 21 நிமிடத்தில் முடித்தார் என்று தீர்ப்பில் இருக்கிறது. 2017இல் போலீசார் தடம் கண்டுபிடிக்கச் சொல்லி அனுப்பிய எண்ணில்லாத துப்பாக்கிகள் சுமார் 1,600. 2021இல் 19,000க்கு மேல் என்பதும் இருக்கிறது. தடம் கிடைத்தவை மிகமிகக் குறைவு. சி2766க்கு ஒரே இரவு போதுமாக இருந்தது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

21 நிமிடம் என்பது எங்கள் பள்ளியில் பாதிப் பீரியட்கூட இல்லை. அந்த நேரத்தில் ஒரு பையன் காகிதக் கப்பல் செய்வான். அதைக் கைத்தொழில் என்று நான் மதிப்பெண் போட்டதில்லை.

இனி மறுபக்கம். மகள் வீட்டுக்கு, பென்சில்வேனியாவுக்கு, நானும் மனைவியும் ஒரு குளிர்காலம் போயிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் இயந்திரப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பனி கொட்டிக் கிடக்கும்போது அவர் கராஜில் மட்டும் விளக்கு எரியும். சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பி, வாய் வழியாகக் கருமருந்து இட்டுச் சுடும் 18ஆம் நூற்றாண்டு நீள ரைஃபிள் கிட் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். லான்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் செய்து பேர் வாங்கிய வகை. இத்தகையது மத்திய சட்டத்தில் "பழம்பொருள்" கணக்கில் வருகிறது.

முதல் இரண்டு வாரம் அவர் எதையும் பூட்டியதாகவே தெரியவில்லை. இரும்புப் பாகத்தில் விளக்குக் கரியைத் தடவுவார். மேப்பிள் கட்டையில் வெட்டிய பள்ளத்தில் அழுத்தி எடுப்பார். கரி ஒட்டிய இடம் மட்டும் மேடு. அங்கே உளியால் ஒரு சீவல். மறுபடியும் கரி. மறுபடியும் அழுத்தல். எங்கள் ஊர் ஆசாரி கதவுக்கு நிலை பொருத்தும்போது பார்த்த அதே பொறுமை. ஒருநாள் கட்டையின் மேல் ஏதோ திரவத்தைப் பூசிச் சூடு காட்டினார். வெளுத்த மரத்தில் புலிவரிபோலக் கோடுகள் எழுந்து வந்தன. என் மனைவி "அட" என்று கையைத் தட்டிவிட்டாள்.

வில்லியம்ஸ்பர்க் என்ற அருங்காட்சியக ஊரில் வாலஸ் கஸ்லர் என்பவர் இப்படி ஒரு ரைஃபிளை, இரும்புப் பட்டையிலிருந்து குழலை அடித்துச் சேர்ப்பதில் தொடங்கி, முழுக்கக் கையாலேயே செய்வதை 1969இல் படமாக எடுத்திருக்கிறார்கள். ஆசிரியர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். துப்பாக்கிக்காக இல்லை, அரம் பிடிக்கும் கைக்காக.

வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? குழலின் மேல்முகத்தில் தன் பெயரைப் பொறித்தார். பழைய கொல்லர்கள் பலரும் அப்படித்தான் செய்தார்களாம். சட்டம் கேட்கவில்லை, அவருக்கே தோன்றியது. எண் பொறிக்கச் சொன்னால் உரிமை போச்சு என்று கூச்சல் போடுகிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி இதுதான். உன் கையால் செய்த பொருளில் உன் அடையாளம் இருப்பதில் உனக்கு என்ன சங்கடம்?

அவர்கள் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. பட்டியல் இருந்தால் ஒருநாள் பிடுங்க வருவார்கள் என்கிறார்கள். 1775இல் பிரிட்டிஷ் படை காங்கார்டு ஊரின் ஆயுதக் கிடங்கைத் தேடிப் போனதில்தான் அவர்கள் சுதந்திரப் போரே தொடங்கியது. நமக்கும் 1878இல் லிட்டன் பிரபு ஒரு சட்டம் போட்டார்; இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். எனவே அந்தப் பயம் புரியாதது அல்ல. ஆனால் 2021இல் மட்டும் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கும் மேல், யாரும் வெளியிலிருந்து வந்து சுடவில்லை. வீட்டில் இருந்ததை வீட்டில் இருந்தவரே எடுத்தார். பதினான்கு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நான் முதலில் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். அப்பாவும் மகனும் சேர்ந்து அன்பாகச் செய்தது என்பதால் அந்த ரைஃபிள் குறைவாகச் சுடப்போவதில்லை. அதைப் பூட்டத் தெரிந்த பையனுக்கு அது எங்கே இருக்கிறது என்றும் தெரியும்.

இன்னொன்று. என் மாணவன் இன்னும் எச்1பி விசாவில் இருக்கிறான். குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்திய சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆபீஸில் இருக்கும் அந்த இரண்டு பேர் குடிமக்களாக இருக்கலாம். அவர்களுக்குப் பொழுதுபோக்கு, இவனுக்குச் சிறையும் நாடு கடத்தலும். அங்கே இருக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் இந்த ஒரு பத்தியையாவது அனுப்பிவையுங்கள்.

அவனுக்கு நான் எழுதியது இவ்வளவுதான். "தம்பி, ஆபீஸ் நண்பர்கள் சொல்கிற கிட் வேண்டாம். விசா ஒரு காரணம், பையன் ஒரு காரணம். டெக்சாஸ் சட்டமே குண்டேற்றிய துப்பாக்கியை 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு எட்டும்படி வைத்தால் குற்றம் என்கிறது. கைவேலைதான் வேண்டுமென்றால் முதலில் ஒரு முக்காலி செய்யுங்கள். இருவரும் ஆறு மாதம் சலிக்காமல் உளி பிடித்தால், அந்தப் பழைய நீள ரைஃபிள் கிட்டைப் பற்றி ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு யோசிக்கலாம். மருந்து வாங்காதே, செய்து சுவரில் மாட்டு. குழலில் உன் பெயரோடு பையன் பெயரையும் பொறி."

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "முக்காலி ஓகே சார். மரம் எங்க வாங்குறது?"