படிக்கும் பிள்ளையின் சம்பளம்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் பெறுபேறு வரும்வரை மாதக்கணக்காக வீட்டில் இருக்கிறார்கள். “மகனைத் தெரிந்த கடையொன்றில் விடட்டோ? படிப்பு குழம்பிவிடுமோ?” என்று தாய்மார் கேட்பது அந்த நாட்களில்தான். உயர்தரம் படிக்கும் பிள்ளையைச் சனி, ஞாயிறில் வேலைக்கு அனுப்பலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. கணவரை யுத்தத்தில் இழந்து, அல்லது காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடியபடியே, தனித்துக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் தாய்க்கு இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. பிள்ளை கொண்டுவரும் ஆயிரம் ரூபாவும் அந்த வீட்டில் கணக்கில் சேரும்.

அனுப்பலாம் என்பதே எமது கருத்து. ஆனால் வயதையும் வேலையையும் பார்ப்பதோடு, அந்தப் பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வயதைச் சட்டம் சொல்லிவிட்டது. கட்டாயக் கல்விக்கான வயது 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 2021இல் 14 இலிருந்து 16 ஆயிற்று. அதற்குக் குறைந்த பிள்ளையைப் பிறர் வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டு “அங்கே நின்று படிக்கிறாள்” என்று சொன்னாலும் அது சட்டத்துக்குப் புறம்பானதே. பள்ளிக்கூடம் விட்டு வந்து தாயின் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுவதும், முற்றத்தில் இருந்து கச்சான் ஆய்வதும் வேறு விடயம். ஆனால் அங்கும் பிள்ளையை மருந்தடிக்க விடாதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆகாத ஆபத்தான தொழில்கள் எவை என்று 2010இல் பட்டியலிட்டார்கள். பூச்சிநாசினியைக் கையாள்வதும் ஆழ்கடல் மீன்பிடியும் அதில் அடங்கும்.

இனி வேலையால் என்ன நன்மை? யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் பிறந்த பிள்ளைகளே இன்று இந்த வயதில் நிற்கிறார்கள். தாய் கிடைத்த நாட்கூலிக்கு ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் பலர். நேரத்துக்குப் போய், நேரத்துக்கு வந்து, மாத முடிவில் சம்பளம் எண்ணி வாங்கும் ஒருவரை அவர்கள் வீட்டில் கண்டதில்லை. புத்தகக் கடையிலோ பேக்கரியிலோ இரண்டு மாதம் நிற்கும் பிள்ளை அதை உள்ளே இருந்து பார்க்கிறது. மிச்சக் காசை மனதுக்குள் கணக்குப் பார்த்துக் கொடுக்கப் பழகுகிறது. கோபத்தோடு வருகிற வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லப் பழகுகிறது. கூச்சத்தால் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை கடையில் நாலு சிங்கள வார்த்தை பேசிச் சாமான் விற்கும். சைக்கிள் கடையில் நின்ற பிள்ளை, தனக்கு இந்த வேலை பிடிக்கும் என்றோ, இது வேண்டாம், படிக்கத்தான் வேண்டும் என்றோ தெரிந்துகொண்டு வரும். இரண்டுமே இலாபம்தான். பிந்தியதை ஆசிரியர் நூறு தரம் சொன்னாலும் பிள்ளை நம்பாது!

சம்பளத்துக்கு வருவோம். முதல் மாதம் பிள்ளை காசைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் தரும். இரண்டாம் மாதம் அது அரிசிக்குப் போகும். மூன்றாம் மாதம், வாராவாரம் வாசலுக்கு வருகிற நுண்கடன் தவணைக்குப் போகும். அதன் பிறகு வேலையை நிறுத்த முடியாது. பரீட்சை நெருங்கும்போது “இந்த மாதம் மட்டும் போ” என்று தாயே சொல்ல வேண்டிவரும். படிப்பை நிறுத்தச் சொல்லி யாரும் தீர்மானிப்பதில்லை. அது இப்படித்தான் மெல்ல மெல்ல நின்றுபோகிறது. ஆகவே பிள்ளையின் சம்பளத்தைச் சேர்க்காமல் வீட்டுச் செலவைப் போடுங்கள். அதை நம்பிப் புதுக்கடன் எடுக்காதீர்கள். சொல்வது எளிது, உலை வைக்க அரிசி இல்லாத நாளில் கடினம் என்பது எமக்கும் தெரியும். பிள்ளையின் ரியூசன் காசு, பஸ் காசு, சப்பாத்து, கொப்பி ஆகியவற்றை அந்தச் சம்பளத்தில் அதுவே பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் கையில் அவ்வளவும் மிஞ்சும். மீதியைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் போடலாம்.

மகளையும் இதிலே மறக்க வேண்டாம். மகன் கடைக்குப் போனால் அவனுக்குச் சம்பளம். மகள் சமைத்து, தம்பி தங்கையைப் பார்த்து, கிணற்றில் தண்ணீர் அள்ளினால் அதை வேலை என்றே நாம் எண்ணுவதில்லை. தையல் கடையிலோ மருந்துக் கடையிலோ நாலு மணித்தியாலம் நின்று தன் பெயரில் காசு சேர்த்த பெண், நாளைக்கு ஒருவரிடம் கைநீட்டக் கூசுவாள். கூசட்டும், நல்லது. “ஊர் என்ன சொல்லும்” என்று நாங்களே அவளை மறிப்பதுதான் கவலை. பயப்பட வேண்டிய இடங்கள் உண்டு: முதலாளியும் அவளும் மட்டும் நிற்கும் கடை, இருட்டிய பின் தனியே வர வேண்டிய பாதை. முதல் நாள் நீங்களும் கூடப் போய் இடத்தைப் பாருங்கள்.

அப்போதே முதலாளியுடன் பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள். எத்தனை மணிக்கு விடுவார்கள், காசு யார் கையில் கிடைக்கும், பரீட்சைக்கு எத்தனை மாதம் முன்னர் பிள்ளை நிற்கும் என்பதெல்லாம் முதல் நாளே தெளிவாக இருக்கட்டும். திகதியைச் சொல்லி வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கு விலகும்போது மனஸ்தாபம் வராது. “தற்காலிக ஆள்தானே” என்று சொல்லி ஊழியர் சேமலாப நிதியைக் கட்டாமல் விடுவோர் உண்டு. தற்காலிக ஊழியருக்கும் அது உரியது. சம்பளத்தில் 8 வீதம் பிள்ளையிடம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும். பேசிய காசைத் தராவிட்டால் உங்கள் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். பிள்ளைக்கு அங்கே வேறு ஏதும் தொந்தரவு என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசலாம்.